பதினோராம் கேள்வி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முதுகு மட்டும் வழக்கம்போல ஒத்துழைக்க மறுக்கிறது. உன் மணிக்கட்டு வலி குறைந்ததா? பாப்பா இப்போது என்ன உயரம்?

அலுவலகத்தில் எனக்கு வேலை மாறிவிட்டது. நாடு நாடாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்மணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய நாற்காலியும் ஒன்பது அட்டைப்பெட்டிக் காகிதங்களும் என் தலையில் விழுந்திருக்கின்றன. முதலில் தலையைச் சுற்றியது. இப்போது, உண்மையைச் சொன்னால், ருசிக்கிறது.

எங்கள் கம்பெனி செய்யும் பெட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நெஞ்சுக்குள் இதயக் கருவி பொருத்தியவர்களின் கட்டில் பக்கத்தில் வைப்பது. உள்ளே இருக்கும் கருவியிடம் நாடித் துடிப்பைக் கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். வழியில் வேறு யாரும் படித்துவிடக் கூடாதே, அதனால் பூட்டித்தான் அனுப்பும். இந்தப் பூட்டுக்குத்தான் மறைகுறியாக்கம் என்று பெயர். சாதாரணப் பெட்டி எல்லையைத் தாண்டினால் யாரும் கண்டுகொள்வதில்லை. பூட்டுப் போட்ட பெட்டி என்றால் ஒவ்வொரு நாடும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. பெட்டி ஒன்றுதான். ஒரு நாடு பூட்டு எவ்வளவு பெரியது என்று கேட்கிறது. இன்னொன்று, வைத்தியத்துக்கா, அப்படியென்றால் போ என்கிறது. மூன்றாவது, பூட்டு இருக்கட்டும், செய்தது யார், அவர் எங்கே படித்தார் என்று கேட்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு கேள்வி.

எல்லாவற்றையும்விட நீளமான படிவம் நீ இருக்கும் நாட்டுடையது. முப்பத்தொரு கேள்விகள். அதில் பதினொன்றாவது: "சாவியை வைத்திருப்பவர் யார்?" அக்கா, எங்கள் பெட்டிக்குச் சாவியை வைத்திருப்பவர் என்று யாரும் இல்லை. இன்ஜினீயரிடம் கேட்டேன், சிரித்தார். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறேன். என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பல்செட் பட்டறையின் பிளாஸ்டர் தூசிக்கு முகமூடி போட்டுக்கொள்கிறாயா என்று எழுது.

உன் தம்பி

•

பிப்ரவரி 21

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

(பாப்பா கேட்டாள், மாமாவை ஏன் இப்படிக் கூப்பிடுகிறாய் என்று. கேள்வி கேட்டே வளர்ந்ததாலும், உட்கார்ந்தால் முதுகு அந்த வடிவத்துக்கு வந்துவிடுவதாலும் என்றேன்.)

இங்கே இருவரும் சுகம். மணிக்கட்டு மழை நாட்களில் மட்டும் பேசுகிறது. முகமூடி போடுகிறேன். பாப்பா என் காதைத் தாண்டிவிட்டாள். அடுத்த வருடம் என்னைக் குனிந்துதான் பார்ப்பாள்.

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் பட்டறையிலேயே படித்தேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னங்க, உங்க தம்பி லவ் லெட்டரா எழுதியிருக்காரு, இப்படிச் சிரிக்கிறீங்க?" என்றாள். படிவம் பற்றி எழுதியிருக்கிறான் என்றேன். அவள் நம்பவில்லை.

நீ பேசும் செயலி இந்த நாட்டில் ஓடாததற்கும் இந்தப் பூட்டுத்தான் காரணமா? அப்படியானால் இங்குள்ள அதிகாரிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். சாதாரண போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை. மின்னஞ்சலில் நீ இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டாய். கடிதத்தில்தான் மனிதன் மாதிரி இருக்கிறாய்.

ஒன்று எனக்குப் புரியவில்லை. பூட்டு இருக்கிறது, சாவி யாரிடமும் இல்லை என்றால் ஆஸ்பத்திரி எப்படித் திறக்கிறது? சரியாக எழுது. எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் வேலையில் இந்த வாரம் ஒரு தகராறு. போன வருடம் ஒரு பெரியவருக்குப் பல்செட் செய்து கொடுத்தோம். அவர் அதைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டார். பல் டாக்டர் போன் செய்து, "பழைய அச்சு இருக்குமே, அதுலயே இன்னொண்ணு ஊத்திக் குடுங்களேன்" என்கிறார். இருபது வருடமாகப் பல் பிடுங்குகிறவருக்கு இது தெரியவில்லை. அச்சை உடைத்தால்தானே பல்செட்டே வெளியே வரும்? பெரியவரை மறுபடி வரச் சொல்லி, வாயில் அளவெடுத்து, முதலிலிருந்துதான் செய்ய வேண்டும் என்றேன். டாக்டருக்கு என்மேல் கோபம்.

முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார். பதில் போடு.

அக்கா

•

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தலையணை வைத்தேன். இப்போது முதுகுக்குப் பதில் கழுத்து வலிக்கிறது. நீயும் பாப்பாவும் நலம்தானே?

உன் கேள்வியை இன்ஜினீயரிடம் கொண்டுபோனேன். அவர் டீயை ஆறவிட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். கட்டில் பக்கத்தில் பெட்டியை முதல் முறை வைக்கும்போது, ஆஸ்பத்திரி மெஷினும் பெட்டியும் அறிமுகம் செய்துகொள்ளுமாம். இது ஒரு ரகசிய எண்ணை யோசிக்கும், அது ஒரு ரகசிய எண்ணை யோசிக்கும். இரண்டும் தன் எண்ணை அடுத்ததற்குச் சொல்லாமலே பொதுவான ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும். அன்றைய பேச்சு முடிந்ததும் இரண்டும் அந்தச் சாவியை மறந்துவிடும். மறுநாள் புதிதாக இன்னொன்று. "அப்ப நம்ம கம்பெனிகிட்ட?" என்று கேட்டேன். "நம்மகிட்ட ஒண்ணும் கிடையாது சார். இருந்தா நான் ராத்திரி தூங்க முடியுமா?" என்றார். அக்கா, இரண்டு இயந்திரங்கள் ஒரு ரகசியத்தைச் செய்து, பயன்படுத்தி, மறந்துபோகின்றன. நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் அதையே நினைத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் படிவம் திரும்பி வந்துவிட்டது. பதினோராம் கட்டத்தில் சிவப்பு மையில் வட்டம். "காலியாக விடக்கூடாது. இந்நாட்டில் குடியிருக்கும் ஒருவரின் பெயர், முகவரி, குடியிருப்பு அட்டை எண் தேவை." இன்னும் ஒரே ஒரு முறைதான் அனுப்பலாமாம். நாற்பது பெட்டிகள் உங்கள் ஊர்ச் சுங்கக் கிடங்கில் ஜனவரியிலிருந்து கிடக்கின்றன. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருக்கிறார்: நோயாளிகள் வாரம் ஒருமுறை அரை நாள் பயணம் செய்து, பத்து நிமிடச் சோதனைக்கு வந்து போகிறார்களாம். அதில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்களாம். எங்கள் முதலாளியம்மா தினமும் என் மேஜைப் பக்கம் வந்து காலண்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அது கிடக்கட்டும். பாப்பாவுக்கு ஒரு பார்சல் அனுப்பலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு என்ன பிடிக்கும்? உன் முழு முகவரியும், குடியிருப்பு அட்டை எண்ணும் எழுது. சுங்கத்தில் கேட்பார்கள்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி

•

மார்ச் 27

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

இங்கே சுகம். அங்கே கழுத்துக்கு என்ன வைத்தியம்?

இரண்டு இயந்திரங்கள் மறந்துபோகும் கதையைப் பாப்பாவுக்குச் சொன்னேன். "அதுங்க மறந்துடுச்சுன்னு யாரு போய்ப் பாத்தா?" என்றாள். மாமாவைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். உன் வம்சம்தான்.

அவளுக்கு ஒரு உருப்பெருக்கி வேண்டுமாம், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி, நல்ல தடிமனான கண்ணாடி. எறும்பின் முகத்தைப் பார்க்கப் போகிறாளாம்.

அட்டை எண் கீழே எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒரு யோசனை. இதற்கு முன் இரண்டு பார்சல் அனுப்பினாயே, அதற்கெல்லாம் அட்டை எண் கேட்கவில்லையே? இப்போது விதி மாறிவிட்டதோ என்னவோ, உனக்குத்தான் தெரியும். இந்த அட்டை அக்டோபரில் காலாவதியாகிறது. பதினோரு வருடம் ஆகிவிட்டதால் இந்த முறை நிரந்தரமாகக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டால் பாப்பா படிப்பை முடிக்கும்வரை நான் யார் முகத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதனால் ரோட்டைக்கூடப் பச்சை விளக்கு எரிந்தால்தான் தாண்டுகிறேன்.

சாப்பிடு, தூங்கு, நிமிர்ந்து உட்கார்.

அக்கா

•

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் நாட்டுப் படிவம் தேறிவிட்டது! பூர்வாங்க அனுமதி வந்துவிட்டது. அங்கிருந்து ஒருவர் வந்து சரிபார்த்துவிட்டால் பெட்டிகளை விட்டுவிடுவார்களாம். வெறும் சம்பிரதாயம் என்கிறார்கள். பதினோராம் கேள்வியையும் ஒருவழியாக நிரப்பிவிட்டோம்.

மற்ற நாடுகள் கதை கேள். ஒரு நாடு, பெட்டியில் ஒன்றை எங்களுக்கு அனுப்புங்கள், உடைத்துப் பார்க்கிறோம் என்றது. அனுப்பினேன். உடைக்க முடியவில்லை என்று புகார் எழுதியிருக்கிறார்கள். அது புகாரா பாராட்டா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பதில் எழுதினேன். இன்னொரு நாடு, நாங்கள் செய்த பூட்டை மட்டும்தான் உள்ளே விடுவோம், உங்கள் பூட்டைக் கழற்றிவிட்டு எங்களுடையதை மாட்டுங்கள் என்றது. இன்ஜினீயர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேறொன்றில் வருடத்துக்கு ஒருமுறை, இன்ன இன்ன பெட்டி இவ்வளவு விற்றோம் என்று எழுதிப் போட்டால் போதும். படிக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை.

பாப்பா கேட்டதை இன்ஜினீயரிடம் கேட்டேன். அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "நல்ல கேள்வி. சோதனைக்கூடத்துல பாத்துச் சான்றிதழ் குடுத்திருக்காங்க. ஆனா பாப்பா கேக்கறது அதைவிடப் பெரிய கேள்வி" என்றார்.

பார்சல் வரும். மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்.

உன் தம்பி

•

ஜூன் 2

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

சில விஷயங்கள் தெரிந்துகொள்ள ஆசை. நீ விவரமானவன், பொறுமையாகப் பதில் சொல். இல்லாத ஒரு சாவியை ஒருவர் வந்து கேட்டால், கேட்கப்பட்டவர் என்ன சொல்ல வேண்டும்? "இருக்கிறது" என்றால் பொய். "இல்லை" என்றால், அப்படியானால் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது யார் என்பார்களே, அதற்கு என்ன பதில்? அந்தச் சாவியை வைத்து அவர்கள் எதைத் திறக்கப் பார்க்கிறார்கள்? அதைத் திறக்க வேறு வழி உண்டா?

பதினோராம் கேள்வியை ஒருவழியாக நிரப்பினோம் என்று எழுதியிருந்தாய். எந்த வழியாக?

போன வாரம் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். வெயிலிலும் குடை. ஒரு வாய் டீ குடித்தார். பேசிக்கொண்டிருந்தோம். மற்றபடி விசேஷம் இல்லை.

பார்சல் வரவில்லை.

அக்கா

•

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? மணிக்கட்டு? பாப்பா நலமா? உன் கடிதம் சின்னதாக இருந்ததால் கேட்கிறேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். அரசாங்கத்துக்கு வேண்டியது சாவி இல்லை என்பது இன்ஜினீயர் கட்சி. ஏதாவது வழக்கு, சந்தேகம் என்றால் உள்ளே போனது என்ன என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டு வழிப்பயணத்துக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் நாடித் துடிப்பெல்லாம் நோயாளியின் கோப்பில் சாதாரணமாகத்தான் பதிவாகிறது. கோர்ட்டு உத்தரவோடு ஆவண அறைக்குப் போனால் யாரும் படிக்கலாம். ஓடுகிற லாரியை மறித்துப் பூட்டை உடைப்பானேன், கடைக்கே போய்ச் சரக்கைப் பார்க்கலாமே என்கிறார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்திருந்தால் நான் முதல் நாளே நிரப்பியிருப்பேன். ஆனால் அவர்கள் கேட்பது "யார்" என்று. "எங்கே" என்று அல்ல.

பதினோராம் கேள்வி அலுவலகத்தில் எல்லோரும் கலந்து பேசி எடுத்த முடிவு. அதை விரிவாக எழுதினால் உனக்கு அலுப்புத் தட்டும்.

குடை அம்மா யார்? புதிதாகக் குடிவந்தவரா?

இங்கே ஒரே வெயில். முதுகு மோசம். இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். சரி, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் அல்லவா?

உன் தம்பி

•

ஜூலை 5

தம்பிக்கு,

நான் நன்றாக இல்லை. பாப்பா நலம்.

நீயாகச் சொல்வாய் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். லாரி, கடை, சரக்கு என்று பூசி மெழுகி அனுப்பியிருக்கிறாய். இனி நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மே இருபத்தாறு, மாலை ஐந்து மணி. கதவைத் திறந்தால் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் கோப்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அலுவலகம் என்று அட்டையைக் காட்டினார். உட்காரச் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து, "சாவி உங்ககிட்டதானேம்மா இருக்கு?" என்றார்.

நான் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். பதினோராம் கட்டம். என் பெயர். என் முகவரி. நான் என் கையால் எழுதி, பாப்பாவின் உருப்பெருக்கிக்காக உனக்கு அனுப்பிய அட்டை எண்.

"இது யாரு எழுதினது, உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்ல? தெரியாது என்றால் நீ மாட்டுவாய்.

"அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. சாவி என் பொறுப்பில் இருக்கு, எப்ப கேட்டாலும் ஒப்படைப்பேன்னு."

படித்துப் பார்க்க அவகாசம் கேட்டேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: பொய்யான உறுதிமொழி தருபவரின் குடியிருப்பு அனுமதி ரத்து செய்யப்படும். அதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. கையெழுத்துப் போட்டால் என் அட்டை போகும். போடமாட்டேன் என்றால் உன் படிவம் பொய்யாகும், பெட்டிகள் திரும்பிப் போகும், உன் வேலையும் போகலாம். இரண்டு பக்கமும் இடிபட என்னை நிறுத்தியிருக்கிறாய்.

போனை எடுத்தேன், வைத்தேன். திட்டினால் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்படித் தீர்வதை நான் விரும்பவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்து வைத்துப் புண்ணாகிவிட்டது. ஐந்து வருடம் முன்பு பாப்பாவின் அப்பா போனபோது எல்லோரும் வந்தார்கள். நீ வரவில்லை. நீ அனுப்பியது ஒரு பட்டியல். இறப்புக்குப் பிறகு எந்தெந்த அலுவலகத்தில் எந்தெந்தச் சான்று தர வேண்டும் என்று, இருபத்திரண்டு வரிகள், வரிசை எண் போட்டு. அதில் ஒன்றுகூடத் தவறில்லை. எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது தெரியுமா? அதை வைத்துக்கொண்டு எவ்வளவு அழுதேன் தெரியுமா? அன்றைக்கு என்னைப் பட்டியலாக்கினாய். இப்போது கட்டத்தில் அடைத்திருக்கிறாய்.

ஆகஸ்ட் இருபதில் நான் என்ன செய்ய வேண்டும், எழுது.

அக்கா

•

ஜூலை 20

அக்கா,

நலம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். தூங்குகிறாயா?

அலுவலகத்தில் கலந்து பேசவெல்லாம் இல்லை. நான்தான் எழுதினேன். படிவத்தை அனுப்பிய அன்று மாலை ஆறு மணிக்குக் கெடு முடிகிறது. அந்த நாட்டில் குடியிருக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். ஒரு பெயர்தானே, சும்மா ஒரு கட்டம்தானே என்று நினைத்தேன். முன்கூட்டியே உன்னைக் கேட்டால் நீ நியாயமான கேள்வியெல்லாம் கேட்பாய். அதற்குப் பயந்துதான் பார்சல் என்று பொய் சொன்னேன். உருப்பெருக்கி வாங்கவே இல்லை.

உன் கடிதத்தை முதலாளியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பெட்டி திரும்பி வந்தா வரட்டும். உங்க அக்காவை அதுல கோக்காதீங்க" என்றார். என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியாமல், உன் அனுமதியில்லாமல் உன் பெயரை எழுதினேன் என்று நானே கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரை வைத்திருக்கிறது. அதைக் கொடுத்துவிடு. உன்மேல் ஒரு தூசி விழாது. பெட்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு வருடத்துக்கு நாங்கள் அங்கே விண்ணப்பிக்க முடியாது. அது நான் தேடிக்கொண்டது.

அந்தப் பட்டியலைப் பற்றி. தகவல் வந்ததும் டிக்கெட் எடுக்கத்தான் போனேன். வரிசையில் நிற்கும்போது, உன் முன்னால் வந்து நின்று என்ன செய்வேன், என்ன பேசுவேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வரிசையை விட்டு விலகினேன். வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வர நினைத்தபோதெல்லாம், அன்றைக்கு வராதவன் இன்றைக்கு எந்த முகத்தோடு வருவது என்று நின்றுவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

உன் தம்பி

•

ஆகஸ்ட் 24

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

தூங்குகிறேன். மணிக்கட்டு வலிக்கிறது, காரணம் கீழே வரும். பாப்பா சுகம். உன் முதுகு எப்படி?

இருபதாம் தேதி பட்டறையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பையில் உன் கடிதம். இன்னொரு பையில் நான் கொண்டுபோனதை வாசலில் காவலர் எடுத்துப் பார்த்து, "என்னம்மா இது, கல்லு?" என்றார். பல்லு என்றேன். விட்டுவிட்டார்.

குடை அம்மாவின் அறை மூன்றாவது மாடியில். மேஜை முழுக்கக் கோப்பு, நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். உட்கார்ந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்: என் தம்பி என்னைக் கேட்காமல் எழுதிவிட்டான், சாவி என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. உன் கடிதத்தையும் மேஜைமேல் வைத்தேன். அவர் படித்தார். "யாருகிட்டயும் இல்லாம எப்படிம்மா? பூட்டுன்னு ஒண்ணு இருந்தா சாவின்னு ஒண்ணு இருக்கணும்ல? நானும் பத்து வருஷமா இந்தக் கேள்வியைக் கேக்கறேன். எல்லாரும் ஒரு பேரை எழுதித் தராங்க. ஒருத்தராவது எனக்குப் புரியற மாதிரி சொன்னதில்ல" என்றார்.

அக்கறையாகத்தான் கேட்டார். அதனால் நான் பையைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டர் கட்டி. பஸ்ஸில் பல்செட் தொலைத்தாரே பெரியவர், ஒருவழியாக இந்த மாதம்தான் வந்து அளவு கொடுத்தார்; அவருக்குப் புதிதாகச் செய்தது, இன்னும் அச்சுக்குள்ளேயே இருந்தது. "இதுக்குள்ள ஒருத்தரோட பல்செட்டு இருக்கு. அவரு வாய்க்கு மட்டும்தான் பொருந்தும். வெளிய எடுக்கவா?" என்றேன். எடுங்க என்றார். சின்னச் சுத்தியலால் தட்டினேன். பத்து தட்டு. அறையெல்லாம் வெள்ளைத் தூள், பிஸ்கட் மேலும்தான். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மேல் வரிசை முழுசாக வெளியே வந்து மேஜைமேல் இளித்தது.

"இந்தச் செட்டைச் செஞ்ச அச்சு எங்க?" என்றேன்.

அவர் தூளைப் பார்த்தார்.

"யாரு வச்சிருக்காங்க?"

"யாரும் இல்ல. ஒடைஞ்சுபோச்சு" என்றார். பிறகு, "அப்ப அந்தப் பெட்டி தினமும்..." என்று இழுத்தார்.

"தினமும் ஒரு அச்சு. தினமும் ஒடைக்கும்."

எழுந்து ஜன்னலைத் திறந்தார். தூசியில் இருமினார். திரும்பி வந்து, "சரி, ஒரு வழக்குன்னு வந்தா நாங்க என்ன பண்றது?" என்றார். நீ எழுதிய லாரியையும் கடையையும் அப்படியே ஒப்பித்தேன். ஆஸ்பத்திரி ஆவண அறை, கோர்ட்டு உத்தரவு. அவர் எழுதிக்கொண்டார். மேலதிகாரி அறைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கையில் பல்செட்டையும் கொண்டுபோயிருந்தார்.

முடிவு இதுதான். பதினோராம் கட்டத்தில் சாவியை வைத்திருப்பவர் இல்லை என்று எழுதி, படிக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி ஆவண அறை என்று சேர்த்துவிட்டார்கள். கெடு நாளுக்குள் நாமே திருத்தியதால் பழைய பிழையைப் பிழையாகப் பதியவில்லை. உன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் பெயர் ஒன்று இல்லாமல் அந்தக் கட்டம் அவர்கள் கம்ப்யூட்டரில் மூடவில்லை. அதனால் என் பெயர் இருக்கிறது, இந்த முறை நானே எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய், என்னிடம் ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் இல்லாததற்குப் பொறுப்பாளர். அட்டைக்கு இதனால் பாதகம் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். உன் அக்காதானே நான்.

பெட்டிகளை அடுத்த வாரம் விடுகிறார்கள்.

உன்மேல் கோபம் போகவில்லை. பாதி போயிருக்கிறது. மீதிப் பாதிக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பன்னிரண்டாம் கேள்வி என்ன என்று உனக்கு நினைவிருக்கும். "பொறுப்பாளர் வர முடியாதபோது அவருக்குப் பதிலாக வருபவர்." உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதிவிட்டேன். வெளிநாட்டில் இருப்பவர் என்றாலும் பரவாயில்லையாம், ஆனால் நாற்பது நாளுக்குள் நேரில் வந்து, அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் ஏற்கமாட்டார்கள். மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வந்து என்ன செய்வது, என்ன பேசுவது என்று யோசிக்காதே. ஒன்றும் செய்ய வேண்டாம். பிளாஸ்டர் தூள் படிந்த மேஜை துடைக்கத் தெரியும் அல்லவா?

நிமிர்ந்து உட்கார்ந்து பதில் போடு.

அக்கா

•

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு, கழுத்து எல்லாம் சுகம். உண்மையிலேயே. நீயும் பாப்பாவும் சுகமாக இருங்கள், நான் வந்து பார்க்கும்வரைக்குமாவது.

நேற்று விசா படிவம் நிரப்பினேன். பதினான்கு கேள்விகள், சின்னதுதான். ஆறாவது: "பயணத்தின் நோக்கம்." வியாபாரம், சுற்றுலா, படிப்பு, சிகிச்சை, பிற என்று ஐந்து கட்டம். வியாபாரம் என்று போட்டிருக்கலாம், கம்பெனி கடிதமும் கையில் இருந்தது. வரிசையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். கடைசியில் "பிற" என்பதில் குறி போட்டு, பக்கத்தில் இருந்த கோட்டில் "அக்கா" என்று எழுதிக் கொடுத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் பார்த்தார். "என்ன சார், இது ஒரு காரணமா?"

"ஆமாங்க. அஞ்சு வருஷமா நிலுவையில இருக்கு" என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இருபத்திரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு வந்து சேர்கிறேன். உருப்பெருக்கி வாங்கிவிட்டேன். தடிமனான கண்ணாடி, பித்தளை வளையம். பார்சலாக அனுப்பவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். பாப்பாவிடம் எறும்பைத் தயாராக வைக்கச் சொல்.

உன் கேள்விக்குறி